நம் கை பட்ட கோப்புகள்

தானாக நடக்கும் அப்டேட்டை நிறுத்திவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று எண்ணுவோர் நம் தொழிலில் இன்று மிகுந்துவிட்டனர். வாடிக்கையாளருக்கென்று பிரத்தியேகமாகத் திருத்தி, நிறமும் அமைப்பும் மாற்றி, அவர் கேட்ட சிறு வசதிகளையெல்லாம் சேர்த்து ஒப்படைத்த ஒரு வேர்ட்பிரஸ் தளம், ஓர் இரவில் யாரும் தொடாமலே உருக்குலைந்து, காலையில் கடை திறக்கும் நேரத்தில் வெறும் வெள்ளைத் திரையாகவோ, மெனு விரியாமலும் படிவம் நகராமலும் ஆர்டர் ஏறாமலும் கிடக்கும் ஒரு ஜடமாகவோ நிற்குமானால், அதைக் கண்ட மாத்திரத்தில் எழும் கோபம் அப்டேட்டின் மேல் திரும்புவது இயல்பே. பேக்கப்பை எடுத்துப் போட்டு, அப்டேட்டை அணைத்து, இனி இப்படி நேராது என்று வாடிக்கையாளருக்கு உறுதி கூறிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது நம்மிடையே ஏறத்தாழ ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அந்தச் சம்பிரதாயத்தை நாம் பழுதுபார்த்தல் என்று ஒப்புக்கொள்ள இயலாது. உடைந்த தளத்தில் முதலில் மீட்கப்பட வேண்டியது அதன் பழைய தோற்றமன்று. எந்தெந்தக் கோப்பில் நம் கை பட்டிருக்கிறது என்ற ஞானம் முதலில் மீட்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அப்டேட் தானாக நடக்கும் ஏற்பாடு வேர்ட்பிரஸில் புகுந்தது 2013 அக்டோபரில் வெளிவந்த 3.7ஆம் பதிப்பில். அதுவும் பெரிய பதிப்புகளுக்கன்று. பாதுகாப்புக் குறைகளையும் சில்லறைப் பிழைகளையும் தீர்க்கும் சிறு பதிப்புகளுக்கு மட்டுமே. தீம்களுக்கும் பிளகின்களுக்கும் அதே வசதியை நிர்வாகப் பக்கத்திலிருந்தே ஒரு சொடுக்கில் இயக்கலாம் என்ற நிலை 2020 ஆகஸ்டில் 5.5 வந்தபோதுதான் உண்டாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 5.6 முதல், புதிதாக நிறுவப்படும் தளங்களில் பெரிய பதிப்புகளும் கேளாமலே ஏறும்படி ஆயிற்று. இவ்வளவு தயக்கத்தோடு, ஏழாண்டுகளில் படிப்படியாக விரிந்த ஒரு காரியத்தை, நம் பிழைப்பைக் கெடுப்பதற்கென்றே யாரோ ஓர் இரவில் செய்த சூழ்ச்சி போலப் பேசுவது நியாயமன்று.

அதன் அவசியத்தை உணர வேர்ட்பிரஸுக்கு வெளியே ஓர் உதாரணம் போதும். 2014 அக்டோபர் 15 அன்று ட்ருபல் 7இல் ஒரு பெருங்குறை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியாகி ஏழு மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளங்கள் யாவும் ஊடுருவப்பட்டவை என்றே கொண்டு நடக்குமாறு, இரண்டு வாரங்களுக்குப் பின் அதன் பாதுகாப்புக் குழுவே எச்சரிக்க நேர்ந்தது. அந்த ஏழு மணி நேரம் நமது கடிகாரத்தில் இரவு ஒன்பதரை முதல் விடியற்காலை நாலரை வரை என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். நம்மவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராயினும் உறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. 2017 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 4.7.2 வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. கடவுச்சொல் ஏதுமின்றி எவரும் ஒரு தளத்தின் பதிவை மாற்றி எழுதிவிடக்கூடிய குறை அப்பதிப்பில் திருத்தப்பட்டிருந்தது. ஆயினும் அந்த உண்மையை ஏறக்குறைய ஒரு வாரம் வெளியிடாமல் வைத்திருந்து, அப்டேட் பெருவாரியான தளங்களில் தானாக ஏறி முடிந்த பிறகே வெளியிட்டார்கள். அதற்குப் பின்னரும் ஏற்றிக்கொள்ளாமல் கிடந்த தளங்களில்தான் இலட்சக்கணக்கான பக்கங்கள் விஷமிகளால் அழித்தெழுதப்பட்டன. அணைக்கப்பட்ட அப்டேட் அளிக்கும் நிம்மதி எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்டேட் அனுப்புவோர் தரப்பு குற்றமே அறியாதது என்று நாம் வாதிக்கவில்லை. 2018 பிப்ரவரி 5 அன்று வந்த 4.9.3, தானியங்கி அப்டேட் செய்யும் பகுதியையே பழுதாக்கிவிட்டது. அதைச் சரிசெய்ய மறுநாளே வெளியான 4.9.4ஐ, எந்த இயந்திரம் ஏற்ற வேண்டுமோ அந்த இயந்திரமே படுத்துவிட்டபடியால், பல தளங்களில் கையால் ஏற்ற வேண்டியதாயிற்று. 2020 அக்டோபர் 30 அன்று, 5.5.3ஐத் தயார் செய்துகொண்டிருந்தபோது நேர்ந்த ஒரு தவற்றினால், இன்னும் வெளியிடப்படாத அதன் ஆல்பாப் பிரதி சில தளங்களில் தானாகவே போய் ஏறி, வேண்டாத தீம்களையும் உடன்கொண்டு சேர்த்தது. இவை விபரீதங்களே, ஆயினும் இரண்டிலும் பரிகாரம் ஓரிரு நாளில் வந்துவிட்டது. நம் கைவேலையால் உடைந்த தளங்களுக்கு அத்தகைய பரிகாரம் எங்கிருந்தும் வருவதில்லை.

உடைவது இரு வகை. முதல் வகை அனைவரும் அறிந்தது, அறிந்தும் தவிர்க்காதது. வாங்கிய தீமின் கோப்புகளையே திறந்து, அவற்றினுள்ளேயே நம் வரிகளை எழுதிவிடுகிறோம். அந்தத் தீமுக்கு அப்டேட் வரும்போது வேர்ட்பிரஸ் நம் வரிகளை மட்டும் தேடிப்பிடித்து அழிப்பதில்லை; பழைய போல்டரையே அடியோடு நீக்கிவிட்டுப் புதியதை அவ்விடத்தில் விரிக்கிறது. நாம் எழுதியது மட்டுமன்று, நாம் போட்டுவைத்த படமும் எழுத்துருவும் கூடப் போய்விடுகின்றன. நிர்வாகப் பக்கத்திலேயே தீம் கோப்புகளைத் திருத்தும் எடிட்டர் ஒன்று இருப்பது இத்தீமைக்குப் பெருந்தூண்டுதல். கட்டமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் அதை மூடிவிடலாம். ஒப்படைக்கும் தளம் ஒவ்வொன்றிலும் அதை மூடியே ஒப்படைக்க வேண்டும் என்பது நம் கட்சி.

இவ்வகையில் அதிகம் பேர் அறியாத ஒரு கிளையும் உண்டு. முழுக்க நாமே எழுதிய பிளகினுக்கு நாம் இட்ட போல்டர்ப் பெயர், வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கும் வேறொருவருடைய பிளகினின் பெயரோடு ஒத்துப்போகுமானால், அவருடைய அடுத்த பதிப்பு நம்முடையதற்கு அப்டேட் என்று கருதப்பட்டு அதன்மேல் ஏறிவிடக்கூடும். பிறருடைய பிளகினை எடுத்துச் சிறிது திருத்தி அதே பெயரில் வைத்துக்கொண்டோருக்கும் இதே கதிதான். 2021 ஜூலையில் வந்த 5.8ஆம் பதிப்பு பிளகின்களுக்கும், 2022 நவம்பரில் வந்த 6.1 தீம்களுக்கும், அப்டேட் எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தலைப்புக் குறிப்பிலேயே எழுதிவைக்கும் வசதியை அளித்தன. ஒரு வரி. அதை எழுதாமல் ஒப்படைக்கப்படும் கைவேலைப் பிளகின்களை இன்றும் எங்கும் காணலாம்.

இரண்டாம் வகை நுட்பமானது. நம் அனுதாபத்துக்கும் உரியது. இதில் நம் கோப்பை எவரும் தொடுவதில்லை. அது எழுதியது எழுதியபடியே இருக்கிறது. அது நம்பியிருந்த அடித்தளம் மட்டும் நகர்ந்துவிடுகிறது. 2020 ஆகஸ்டில் 5.5 வந்ததும் உலகெங்கும் மெனுக்கள் விரியாமலும் ஸ்லைடர்கள் ஓடாமலும் போனது இதற்குத் தலைசிறந்த உதாரணமாகையால், அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 2013 தொடக்கத்தில் வந்த ஜேக்வெரி 1.9, பழைய வழக்குகள் சிலவற்றைக் கைவிட்டது. அவற்றை நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் உடையாதிருக்கும்பொருட்டு, ஜேக்வெரி மைக்ரேட் என்ற துணைக் கோப்பு அவ்வாண்டிலேயே வேர்ட்பிரஸோடு சேர்க்கப்பட்டது. பழைய வழக்குகளை அது சத்தமின்றித் தாங்கிக்கொண்டது. அந்தத் தாங்கலுக்கு ஏழாண்டு ஆயுள் கிடைத்தது. அந்த ஏழாண்டுகளில் தீம் எழுதியோர், பிளகின் எழுதியோர், அவற்றை வாங்கித் திருத்திய நம்போன்றோர் ஆகிய எவருமே தம் ஸ்கிரிப்டுகள் ஒரு தற்காலிக முட்டுக்கட்டையின் மேல் நிற்கின்றன என்பதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டிய நிர்ப்பந்தமும் எழவில்லை. 5.5 அந்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டது. உடைப்பு எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், பழைய துணைக் கோப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே வேர்ட்பிரஸ் குழுவினர் வெளியிட்ட தனிப் பிளகினை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நிறுவிக்கொண்டன. அது உதவிப் பிளகின், நிரந்தர மருந்தன்று என்று வெளியிட்டோரே சொல்லியிருந்தும், அதை நிறுவி வேலை முடிந்ததென்று பட்டியல் கொடுத்தவர்கள் நம்மிடையே குறைவில்லை.

ஹோஸ்டிங் கம்பெனிகள் பி.எச்.பி.யை உயர்த்தும்போது நேர்வதும் இதே வகையைச் சேர்ந்தது. 2020 நவம்பரில் வந்த பி.எச்.பி. 8.0, ஓடும்போதே ஃபங்ஷனை உண்டாக்கும் பழைய முறையை அடியோடு நீக்கியது. பழைய விட்ஜெட்களைப் பதிவுசெய்யும் வரியை ஊர் உலகமெல்லாம் அந்த முறையில்தான் எழுதிவைத்திருந்தது. 2017இல் வந்த 7.2ஆம் பதிப்பிலேயே அது கழிக்கப்படப்போகிறது என்று எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைகளைத் திரையில் காட்டாதே என்று சர்வருக்குச் சொல்லிவைப்பது நம் வழக்கமாகையால் அது எவர் கண்ணிலும் படவில்லை. வேர்ட்பிரஸில் எந்த அப்டேட்டும் நடக்காத அன்று தளம் விழுந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஹோஸ்டிங் கம்பெனியிடம்தான்.

இனிப் பழுதுபார்க்கும் முறைக்கு வருவோம். தளம் விழுந்ததும் பேக்கப்பைப் போடுவது தவறென்று நாம் சொல்லவில்லை. கடை திறந்தாக வேண்டும், வாடிக்கையாளருடைய வியாபாரம் நம் தத்துவ விசாரத்துக்காகக் காத்திராது. ஆனால் அதற்கு முன் உடைந்த நிலையிலேயே கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும் நிதானம் வேண்டும். உடைந்த தளமே சாட்சி. அதை அழித்துவிட்டுக் குற்றவாளியைத் தேடுவது வீண். பராமரிப்பு அறிவிப்போடு தளம் உறைந்து நிற்குமானால், அப்டேட் பாதியில் அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூலப் போல்டரில் இருக்கும் பராமரிப்புக் கோப்பை நீக்கினால் திரை விலகும், ஆனால் பாதி ஏறிய கோப்புகள் பாதியாகவே இருக்கும். 2019 மே மாதத்தில் வந்த 5.2 முதல், பிளகினோ தீமோ மரணப் பிழை செய்தால், எது செய்ததென்பதைக் குறிப்பிட்டு மீட்பு வழியும் தந்து வேர்ட்பிரஸே நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. அவ்வஞ்சல் எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்த்தால், தளம் அமைத்த முதல் நாளில் தட்டச்சு செய்து, இன்று எவரும் திறக்காத ஏதோ ஒரு பழைய முகவரிக்கு!

நகல் எடுத்த பிறகு செய்ய வேண்டியது ஒப்பீடு. தளத்தில் இருந்த தீம் எந்தப் பதிப்பு என்பதை அதன் நடைத்தாள் தலைப்பில் பார்த்து, அதே பதிப்பின் கலப்பற்ற பிரதியைத் தேடி எடுத்து, பேக்கப்பில் உள்ளதோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பொதுக் களஞ்சியத்துத் தீம்களுக்கும் பிளகின்களுக்கும் பழைய பதிப்புகள் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். விலை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கடைசிப் பதிப்பு மட்டுமே கிடைப்பது வழக்கமாகையால், வாங்கிய அன்றே மூலக் கட்டைப் பத்திரப்படுத்தாதவர் இங்கே திண்டாடுவார். வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளிலேயே யாரேனும் கை வைத்திருக்கிறார்களா என்பதை டபிள்யூ.பி.-சி.எல்.ஐ. கருவியின் சரிபார்ப்புக் கட்டளை நொடியில் சொல்லிவிடும். அது சொல்வதைக் கேட்டு மயக்கமடையாதிருக்க மனத்திடம் தேவை.

இந்த ஒப்பீட்டைச் சலிப்பான குமாஸ்தா வேலை என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். ஏட்டுப் பிரதிகள் பலவற்றை அருகருகே வைத்து, எது மூலம், எது பின்னால் எவரோ நுழைத்தது என்று பிரித்து, பேதங்களை அடிக்குறிப்பில் எழுதிவைத்த உ. வே. சாமிநாதையர் அவர்களின் பதிப்பு வேலையும் அத்தகைய சலிப்பு மிக்கதே. அந்தச் சலிப்பை அவர் சகித்தபடியால்தான் இன்று நம் கையிலிருப்பது மூலம் என்று துணிந்து சொல்ல முடிகிறது. நமது ஒப்பீட்டிலும் கிடைக்கும் வேறுபாடுகள் மூன்று திறத்தனவாக இருக்கக் காண்கிறோம்: வாடிக்கையாளர் கேட்டுச் செய்தவை, ஒரு பழைய பிழைக்குத் தற்காலிகமாகப் போட்ட ஒட்டுகள், எவர் எதற்காக எழுதினாரென்றே தெரியாதவை. இவற்றுள் நடுவில் சொன்னவற்றில் பலவற்றைப் புதிய பதிப்பே திருத்தியிருக்கும். அவற்றைத் திரும்ப எழுதுவது பிழையைத் திரும்ப எழுதுவதாகும். மூன்றாம் திறத்தவற்றுள் சில வேளை விஷமிகள் நுழைத்த வரிகளும் இருக்கும். ஒப்பிட்டவரே அதைக் காண்பார். பேக்கப்பைப் போட்டவர் அதையும் சேர்த்துத் திரும்பப் போட்டிருப்பார்.

எஞ்சியவற்றை, அப்டேட் எட்டாத இடத்துக்குப் பெயர்க்க வேண்டும். சைல்டு தீம் என்ற ஏற்பாடு இதற்கென்றே உள்ளது. தாய்த் தீமின் போல்டர்ப் பெயரைச் சொல்லும் ஒரு நடைத்தாளும் ஒரு ஃபங்ஷன்ஸ் கோப்பும் இருந்தால் போதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் தாயிலிருந்து சேய்க்கு மாறும்போது, தோற்ற அமைப்புகளும் கஸ்டமைசரில் எழுதிய கூடுதல் சி.எஸ்.எஸ்.ஸும் தீமின் பெயரோடு பிணைத்தே டேட்டாபேஸில் வைக்கப்பட்டிருப்பதால், தாமாக உடன்வருவதில்லை. இதை அறியாதவர், சரியான காரியத்தைச் செய்தும் தளத்தை இரண்டாம் முறை உடைத்துவிட்டு, சைல்டு தீமையே தூற்றுவர்.

சைல்டு தீம் என்றால் எல்லாம் ரட்சிக்கப்பட்டுவிடும் என்ற மூடநம்பிக்கையையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. தாயின் டெம்ப்ளேட் கோப்பு ஒன்றைச் சேயில் நகலெடுத்து இரண்டு வரிகளை மாற்றினால், மாற்றாத மற்ற வரிகளும் அன்றைய நிலையிலேயே உறைந்துபோகின்றன. தாய்த் தீம் அக்கோப்பில் ஒரு பாதுகாப்புக் குறையைத் திருத்தினாலும் நம் தளம் பழைய நகலையே ஓட்டும்; அப்டேட் ஆகிவிட்டது என்ற சான்றிதழும் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும். ஊகாமர்ஸ் இவ்விஷயத்தில் நேர்மையானது: டெம்ப்ளேட் ஒவ்வொன்றின் தலையிலும் பதிப்பெண் எழுதி, நம் நகல் காலாவதியாகிவிட்டால் நிலையறிக்கையில் அதைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. அந்த அறிக்கையைத் திறந்து பார்ப்போர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஆகவே ஹூக் மூலமாகச் செய்ய முடிந்ததை டெம்ப்ளேட் நகலெடுத்துச் செய்யலாகாது. தீமுக்குச் சம்பந்தமில்லாத வசதிகளைத் தீமில் வைக்காமல் தனிச் சிறு பிளகினாக எழுதிவிட வேண்டும். ஹூக்குகளும் என்றேனும் மாறக்கூடும். எனினும் அவை வெளியார் நம்புவதற்கென்று வைக்கப்பட்ட வாசல்களாகையால், முன்னறிவிப்பின்றி அவற்றை அடைக்க எழுதியோர் தயங்குவர். உள்ளே ஓடும் டெம்ப்ளேட்டை மாற்ற எவரும் தயங்குவதில்லை.

2024 ஜூலையில் வந்த 6.6, தானாக ஏறிய பிளகின் ஒன்று மரணப் பிழை விளைத்தால் தானாகவே முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடும் வசதியைக் கொண்டுவந்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அது செய்வது, அப்டேட்டுக்குப் பின் முகப்புப் பக்கத்தைக் கூப்பிட்டு, பி.எச்.பி. மரணப் பிழை எழுகிறதா என்று பார்ப்பது மாத்திரமே. 2020இல் உடைந்த மெனுக்களையும் ஸ்லைடர்களையும் நினைத்துப் பாருங்கள்: சர்வர் ஒரு குறையுமின்றிப் பக்கத்தை அனுப்பியது, உடைந்தது பார்ப்பவருடைய பிரௌசரில். இத்தகைய உடைப்பை அந்தப் பரிசோதனை ஆரோக்கியம் என்றே எழுதிக்கொள்ளும். பணம் செலுத்தும் பக்கத்தில் பின்கோடு கட்டம் மறைந்துபோனதையும், தொடர்புப் படிவம் நன்றி சொல்லிவிட்டு அஞ்சலை அனுப்பாமலிருப்பதையும் இன்றைக்கும் ஒரு மனிதர் திறந்து, அழுத்தி, அனுப்பிப் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும். அந்த மனிதருக்கு யார் ஊதியம் தருவது என்பதில்தான் நம் தொழிலின் சிக்கல் அடங்கியிருக்கிறது.

தளம் அமைப்பதற்கு ஒரு தொகை பேசி, பராமரிப்பை நட்புக்கடனாக விட்டுவிடுவது நம்மவர் பழக்கம். அதன் பலன், உடைந்த அன்று பேரம் பேச முடியாத நிலையில் இரவெல்லாம் உழைத்து, வாடிக்கையாளர் கொடுத்ததை வாங்கிக்கொள்வது. பராமரிப்பு ஒப்பந்தம் தனியாக எழுதப்பட வேண்டும். அதில் எந்த அப்டேட் தானாக ஏறும், எதை நாம் சோதனைத் தளத்தில் பார்த்த பிறகு ஏற்றுவோம் என்பது பெயர் வாரியாக இருக்க வேண்டும். வேர்ட்பிரஸின் சிறு பதிப்புகளை ஒருபோதும் தடுக்கலாகாது என்பது நமது உறுதியான கொள்கை. நம் ஹூக்குகள் தொங்கும் தீமையும், வியாபாரம் நடத்தும் பிளகினையும் மட்டும் கையால் ஏற்றுவதென்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டால் எத்தனை நாளுக்குள் ஏற்றுவோம் என்ற கெடுவும், பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டால் அக்கெடு எவ்வளவாகச் சுருங்கும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

ஒப்படைக்கும்போது கடவுச்சொற்களோடு வேறுபாட்டுப் பட்டி ஒன்றையும் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட வேண்டும்: எந்தத் தீம், எந்தப் பதிப்பின் மேல், எந்தக் கோப்பில், எதற்காக, எந்தத் தேதியில் கை வைத்தோம் என்பதும், மூலக் கட்டு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும். இதைக் கொடுத்தால் வாடிக்கையாளர் நாளை வேறொருவரிடம் எளிதாகப் போய்விடுவாரே என்று அஞ்சுவோர் உண்டு. போகட்டும், அவ்வாறே வேறொருவரிடமிருந்து நம்மிடம் வருகிறவரும் ஒரு பட்டியோடு வருவார். இன்று அவர் வெறுங்கையோடும், வெள்ளைத் திரையோடும், மூன்று நாளில் முடித்துத்தர வேண்டும் என்ற நிபந்தனையோடும் அல்லவா வருகிறார்?